குசினியிலிருந்து மாடிக்கு ஒரு கயிறு

பாசத்துக்குரிய மிக்கேல் மச்சானுக்கு,

உங்கள் மச்சினன் லூர்து எழுதுகிறேன். நலம் விசாரித்துத்தான் தொடங்கக் கை போகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் நலத்துக்குக் குறைவே கிடையாது என்று பங்குச் சாமியார் சொல்லுகிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இங்கே அக்கா நலம். மணப்பாட்டில் உங்கள் மகள் ஜெசிந்தாவும் மாப்பிள்ளையும் நலம். நானும் நலம். உங்கள் மெஷின்தான் மாதா திருவிழா வரைக்கும் நலமில்லாமல் கிடந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்லறைத் திருநாளுக்குக் கோயில் மலர் ஒன்று போடுகிறார்கள். ஒரு படமும், கீழே வருந்தும் குடும்பத்தார் பெயரும் கொடுத்தால் போதும் என்றார்கள். உங்கள் படம் என்று வீட்டில் இருப்பது கல்யாணப் படம் மட்டும்தான். அதில் நீங்கள் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதைப் போடக் கூடாது என்று அக்கா ஒரே பிடிவாதம். சரி, படத்துக்குப் பதிலாக நான் நாலு வார்த்தை எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு வந்தேன். நாலு வார்த்தையோடு நிற்கிற ஆளா நான்?

ஆகவே இதை ஊரே படிக்கும். உங்களுக்குத் தெரிந்த சங்கதியையே நான் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

நீங்கள் சங்கு குளிக்கப் போன காலத்தில் வள்ளத்தில் உங்கள் கயிற்றைப் பிடித்தவன் நான். நம் கரையில் அது ஒரு வழக்கம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறு அவன் மனைவியுடன் பிறந்தவன் கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். சொத்து, பங்கு என்று ஆயிரம் இருக்கும். ஆனால் தன் அக்கா தாலியறுத்து நிற்பதைப் பார்க்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? அதனால்தான் உங்கள் கல்யாணம் முடிந்த கையோடு என்னை வள்ளத்தில் ஏற்றினார்கள். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. கையில் கயிற்றைக் கொடுத்து, "அக்கா புருசன் கீழ இருக்காருல. ஞாபகம் வச்சுக்க" என்றார்கள்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லவே வேண்டாம். நீங்கள் இறங்குவீர்கள். தண்ணீர் மூடிக்கொள்ளும். மேலே நான், கீழே நீங்கள், நடுவில் ஈரக் கயிறு. நீங்கள் ஒரு இழுப்பு இழுத்தால் நான் தூக்க வேண்டும். அந்த இழுப்பு வருகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் இழுப்புக்கு முன்னால், பாதியில், கயிறு மெல்ல ஒரு குலுக்குக் குலுங்கும். வேறு எந்த வள்ளத்திலும் அப்படி ஒரு சைகை கிடையாது. நீங்கள் மேலே வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் இங்கே செத்துப் பிழைக்கிறேன், இவர் கீழே இருந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைப்பேன்.

அப்புறம் உங்கள் காது போனது. ஒரு நாள் மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம். அதோடு சங்கும் போனது, சத்தமும் போனது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும். மீதியை நீங்களே இட்டுக்கட்டிக்கொள்வீர்கள். நான் துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டுகிற வேலைக்குப் போனேன். அதுவும் கயிறு பிடிக்கிற வேலைதான். உங்களுக்கு முத்தையாபுரம் பக்கம் ஆலை கட்ட வந்திருந்த வெள்ளைக்கார என்ஜினியர் வீட்டுக் குசினியில் சமையலுக்கு ஒத்தாசையாக வேலை கிடைத்தது. செவிட்டு ஆளாக இருப்பது அங்கே பெரிய வசதி. அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது, உங்களுக்குக் கேட்கவே கேட்காது. கையைக் காட்டினால் காரியம் நடந்துவிடும்.

அந்த வீட்டில்தான் நீங்கள் மெஷினைப் பார்த்தீர்கள். பாத்திரம் கழுவுகிற மெஷின். இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. முன்னால் கீழ்நோக்கித் திறக்கிற கதவு. உள்ளே தட்டுகளை நிறுத்திவைக்கக் கம்பிக் கூடை. கதவை மூடி முடுக்கினால் உள்ளே ஒரு துடுப்பு சுற்றிச் சுற்றி வெந்நீரை விசிறி அடிக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் அதை நடித்துக் காட்டினீர்கள். நாங்கள் நம்பவில்லை.

வேலை முடிந்து அவர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது அந்த அம்மா உங்களிடம் என்ன வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டார்களாம். ரேடியோ இருந்தது. செவிடனுக்கு ரேடியோ எதற்கு என்று விட்டீர்கள், சரி. சாய்வு நாற்காலி இருந்ததே, அதைக் கேட்டிருக்கக் கூடாதா? நீங்கள் போய் மெஷினைக் காட்டினீர்கள். அது அப்போதே ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவர்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினீர்கள். தெருவே கூடிவிட்டது. நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கைகளைத் திருப்பி, மெஷினைக் கண்ணால் காட்டினீர்கள். சாம்பலும் சோடாவும் உப்புத் தண்ணீரும் பட்டுப்பட்டு வெடித்துக் கிடந்த கைகள். கரப்பான் புண் வந்து விரலிடுக்கெல்லாம் பிளந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் புருசன் கையைப் பிடித்த வெட்கத்தில் அக்கா உள்ளே ஓடிவிட்டாள். நான் வண்டிக்காரரோடு சேர்ந்து மெஷினைத் தூக்கினேன். அவ்வளவு கனத்திலும் எனக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வந்தது மச்சான். அதை அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது.

மெஷின் வந்துவிட்டது, அதற்குத் தண்ணீர்? தெருக்குழாயில் குடம் பிடித்துத்தான் நம் வீட்டுக்குத் தண்ணீர். நீங்கள் ஒரு எண்ணெய் டிரம்மைக் கழுவி மொட்டை மாடியில் ஏற்றி, அடியில் ஒரு திருகுகுழாய் வைத்து, அதிலிருந்து ஓஸ் பைப்பைக் குசினி ஜன்னல் வழியாக இறக்கினீர்கள். மெஷின் கீழே, குழாய் மேலே. திறக்கவும் மூடவும் மாடியில் ஒரு ஆள் வேண்டும். அது யாரென்று கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நான் வந்துவிட வேண்டும். நான் மேலேயிருந்து கத்தினால் உங்களுக்குக் கேட்காது. கடல்காற்றில் நீங்கள் கத்துவதும் எனக்குக் கேட்காது. ஆகவே நம் பழைய கயிறே வந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் திற. இரண்டு இழுத்தால் மூடு.

கீழேயே ஒரு திருகுகுழாய் வைத்தால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. நீங்கள் அதற்குக் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டீர்கள். உங்களுக்குத்தான் அது எப்போதும் கைவசம் உள்ள வித்தையாயிற்றே.

ஒழுகலைச் சொல்ல வேண்டும். கதவின் அடியிலிருந்து தண்ணீர் வரும். குசினி முழுக்க ஓடும். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வார் இற்றுப்போயிருந்தது. அந்த வார் தூத்துக்குடியில் எங்கே கிடைக்கும்? நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டும். தோணிக்குக் கலப்பத்து அடிக்கிற மாதிரி அடித்தீர்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் கொழும்புக்குப் போய் வருகிற தோணியே ஒழுகாது. இந்தப் பெட்டி என்ன பெரிய பெட்டி என்பது உங்கள் எண்ணம். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து கதவைச் சுற்றி அழகாகப் பஞ்சு வைத்து, சுறா எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசினோம்.

தோணி மிதப்பது குளிர்ந்த கடலில். இந்தப் பெட்டிக்குள் ஓடுவது வெந்நீர். அது நம் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. குங்கிலியம் உருகி உள்ளே வழிந்தது. துடுப்பு அதை ஒரு தட்டு விடாமல் விசிறி அடித்தது. கதவைத் திறந்தபோது வந்த வாடையை என்னவென்று சொல்ல. பூனைகள் தெருக்கோடியிலிருந்து வந்துவிட்டன. அக்கா ஒரு தட்டை எடுத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. "கடலுக்கு அனுப்புங்க, மிதக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். கேட்காமலே சிரித்தீர்கள்.

பிறகு குங்கிலியத்தை முடிந்தமட்டும் சுரண்டி, சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து ஒட்டினீர்கள். பாதி ஒழுகல் நின்றது. மீதி ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதோடு வாழப் பழகிவிட்டாள். கை மெல்ல மெல்ல ஆறியது. ஒரு நாள் அவள் விரல்களை மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நீங்கள் எனக்குக் கண்ணால் காட்டினீர்கள்.

தவக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தவர் வாசலில் உட்கார்ந்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனோம், சில நாள் இருந்தீர்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை. கடலடியில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்த ஆள், கட்டிலில் கிடந்து மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிறு கட்ட வழியில்லாத இடத்தில் நான் என்ன செய்வேன்? கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி நாள் மத்தியானம், கண் திறக்காமலே, என் விரலை மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினீர்கள். இந்த நேரத்திலும் இவருக்கு விளையாட்டா என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் உங்கள் கை அசையவில்லை.

அடக்கம் முடிந்து வந்து நான் மாடிக்குப் போகவில்லை. கயிற்றை யாரோ சுருட்டிக் குசினி ஜன்னல் ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஊரான் கப்பல் கயிறெல்லாம் பிடிக்கிறேன் மச்சான், அந்தக் கயிற்றை என்னால் தொட முடியவில்லை. அக்கா மெஷினின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். ஒரு ஆள் சாப்பிடுகிற ஒரு தட்டுக்கு மெஷின் எதற்கு?

ஜெசிந்தா மணப்பாட்டுக்கு வந்துவிடச் சொல்லிச் சொல்லி அனுப்பினாள். நல்ல பிள்ளை, உங்கள் பிள்ளை. மாப்பிள்ளையும் தங்கமான மனுஷன். ஆனால் சம்பந்தி வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட அக்காவுக்கு எப்படி மனசு வரும்? அவளை உங்களுக்குத் தெரியாதா? அடுத்தவர் வீட்டில் காப்பி குடித்தால்கூடக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வருகிறவள். அப்போதுதான் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கிற வெளியூர்ப் பையன்கள் சிலர், நம் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள், மத்தியானச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்டார்கள். மாதா திருவிழா முடிந்த மறுவாரத்திலிருந்து போடுகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

சமைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. கழுவுவதுதான். வீட்டில் துக்கம் என்று வந்துபோனவர்களுக்கெல்லாம் பாத்திரம் தேய்த்ததில் கரப்பான் மறுபடியும் பிடித்துவிட்டது. தண்ணீரில் கை வைத்தால் விரலை மடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆள் வைக்கலாம் என்றால், இறால் உரிக்கிற கம்பெனிகள் வந்த பிறகு பாத்திரம் தேய்க்க யார் வருகிறார்கள்? வாழை இலையில் போட்டால் தீர்ந்தது என்று எதிர்வீட்டு அண்ணாச்சி யோசனை சொன்னார். குழம்புச் சட்டியையும் வாழை இலையிலா செய்வது என்று கேட்டேன். அதோடு போய்விட்டார்.

ஆக, எல்லாம் உங்கள் மெஷின் தலையில் வந்து நின்றது. அது ஓடினால் அக்கா அவள் வீட்டில் அவள் சோற்றைச் சாப்பிடலாம். ஓடாவிட்டால் மணப்பாடு.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் அக்கா துணியை எடுத்துவிட்டு, தானே மாடிக்கும் கீழுக்கும் ஓடி, மெஷினை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சும்மா கிடந்ததில் சைக்கிள் டியூப்பும் வெடித்துப்போயிருந்தது. நான் போனபோது குசினி குளமாகக் கிடந்தது. அக்கா நடுவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அழவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏலே லூர்து, பழைய சாமான் எடுக்குதவன வரச் சொல்லு. இத அவன் கொண்டு போட்டும். நான் ஜெசிந்தாட்டப் போயிருதேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியில் விட்டுப்போன உங்கள் மேலாகவும் இருக்கலாம். "பழைய சாமான்காரன் இந்த வாசப்படி ஏறுனா காலு இருக்காது" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அந்த ஆணியில்தான் உங்கள் கயிறும் தொங்கியது. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கதவைக் கழற்றிப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். இடுக்கெல்லாம் உங்கள் குங்கிலியம், கல்லாக இறுகி. உளியால் சுரண்டச் சுரண்ட அந்தப் பழைய வாடை எழுந்து வந்தது. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம். லாரி டியூப் ஒன்றைத் துறைமுகத்துச் சினேகிதர் தந்திருந்தார். தடித்த ரப்பர். அதை ஒட்டுப்போடாமல் ஒரே வாராக வெட்டி, மூலைகளில் மடங்காமல் வளைத்து ஒட்டி, காயவிட்டு, மறுநாள் கதவை மாட்டினோம். ஒரு குடம் தண்ணீரை நேராக உள்ளே ஊற்றி முடுக்கினேன்.

ஒழுகியது. முன்னைவிடக் குறைவுதான். ஆனால் ஒழுகியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் தண்ணீர் எதைத் தொட்டாலும் உப்பை விட்டுவிட்டுத்தானே போகும்? உள்சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

"இந்தக் கோடு என்னலே இப்பிடிச் சரிஞ்சு கெடக்கு?" என்றாள்.

நானும் பார்த்தேன். கோடு பின்பக்கம் கீழே, கதவுப் பக்கம் மேலே. கப்பலோடு மாரடிக்கிறவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி முன்னால் சாய்ந்து நிற்கிறது. தண்ணீர் எல்லாம் கதவடிக்கு ஓடி வந்து விளிம்பைத் தாண்டுகிறது. எந்த ரப்பர் அதைத் தாங்கும்? குனிந்து அடியில் பார்த்தேன். பின்கால்கள் இரண்டுக்கும் கீழே பூவரசங்கட்டை கொடுத்திருந்தது. ஒழுங்காகச் செதுக்கி, முனை மழுக்கி, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை கீறி. உங்கள் கை.

ஒழுகுகிற தண்ணீர் குசினி முழுக்க ஓடாமல் கதவுக்கு நேரே தண்ணீர் வெளியேறுகிற அங்கணத்துப் பக்கம் போகட்டும் என்று நீங்கள்தான் முன்னால் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். தோணியில் ஊறுகிற தண்ணீரை ஒரு பக்கமாகக் கூட்டி இறைப்பதில்லையா, அதே யோசனை. ஒழுகலுக்கு வழி செய்யப் போய், ஒழுகலையே பெருக்கிவிட்டீர்கள். பாவி மனுஷா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கட்டையை எடுத்தால் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையை நீட்டவில்லை. வீட்டில் நீங்கள் வைத்த சாமான் எதையும் அவள் இடம் மாற்ற விட்டதில்லை. உங்கள் செருப்பு வாசலில் வைத்த இடத்திலேயே கிடந்தது. உங்கள் சவர சோப்பு காய்ந்து வெடித்து மாடத்திலேயே இருந்தது. உங்கள் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனபோதுகூட உங்கள் துண்டைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை. ஆணி அடித்த மாதிரி எல்லாம் அப்படியே. நான் என்ன தைரியத்தில் அந்தக் கட்டையை உருவுவேன்?

அவள் ரொம்ப நேரம் அந்தச் சிலுவைக் கீறலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ தூக்கிப் பிடி" என்றாள். நான் மெஷினின் பின்பக்கத்தைத் தூக்கினேன். அவளே குனிந்து, வெடித்த விரல்களால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் எழுந்து போய், ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். மேல் முனையை என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு சத்தம் போட்டால் போதும், நான் ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டுக்கொள்வேன். அதை நான் சொல்ல வாயெடுத்தேன்.

"போ" என்றாள்.

போனேன். டிரம்மில் தண்ணீர் நிறைந்திருந்தது. அவள் வெடித்த கையோடு குடம் குடமாக ஏற்றி வைத்திருக்கிறாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, உங்களுக்குத் தெரியும். புதுத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் நின்றன. ஒரு இழுப்பு வந்தது. குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஓஸ் பைப்பில் இறங்குகிற சத்தம் கேட்டது. இனி இரண்டு இழுப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கீழே நீங்கள் இல்லை என்று அப்போதுதான், அத்தனை மாதம் கழித்து, எனக்கு முழுசாக உறைத்தது. கை நடுங்க ஆரம்பித்தது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தேன். அதுவும் நடுங்கியது.

அந்த நேரத்தில் கயிறு மெல்ல ஒரு குலுக்குக் குலுங்கியது.

உங்கள் குலுக்கு மச்சான். அச்சு அசல். வள்ளத்தில் வந்தது, ஆஸ்பத்திரியில் என் விரலில் வந்தது. நான் டிரம்மில் சாய்ந்து நின்று குழந்தை மாதிரி அழுதேன். பிறகு இரண்டு இழுப்பு வந்தது. எப்படியோ குழாயை மூடினேன். மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் கீழே இறங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது குசினித் தரை காய்ந்து கிடந்தது. அங்கணத்துப் பக்கமும் காய்ந்திருந்தது. அக்கா கயிற்றின் முனையை, நீங்கள் சுற்றிக்கொள்வது மாதிரியே, மணிக்கட்டில் சுற்றியிருந்தாள்.

"நடுவுல குலுக்குனது நீயா?" என்று கேட்டேன்.

"பின்ன யாரு. ஒங்கை நடுங்குச்சுல்லா, கயித்துல தெரிஞ்சுது" என்றாள். தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு சொல்லுவாரு. கடலுக்குள்ள போயிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது, லூர்து கை நடுங்குதது மட்டும் கயித்துல நல்லாத் தெரியும். சின்னப் பய, பயந்துக்கிட்டு நிக்கான், அதான் பயப்படாதலேன்னு ஒரு குலுக்கு குலுக்கிட்டு வாரேன்னு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள், அந்த மூச்சில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் உங்களைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் இத்தனை வருஷம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேனே. ஆஸ்பத்திரியில் என் கை நடுங்கியதா மச்சான்? நடுங்கித்தான் இருக்கும். அந்த நேரத்திலுமா நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டீர்கள்?

இப்போது நம் வீட்டில் தினம் மத்தியானம் பந்தி நடக்கிறது. பையன்கள் சாளைக் குழம்புக்குச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் சைவம், அவனுக்காக அக்கா தனியாக ஒரு சட்டி வைத்திருக்கிறாள், அவனைத் திட்டிக்கொண்டேதான். கை ஆறி வருகிறது. கட்டைகள் இரண்டும் குசினி ஜன்னல் கதவுகள் காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. உங்கள் துண்டை அவள் துவைத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். மெஷினைப் பார்க்க வருகிறவர்களிடம், கலப்பத்து அடித்த கதையை அவள்தான் சொல்லுகிறாள். என்னைவிட நன்றாகச் சொல்லுகிறாள்.

வேலை நாட்களில் பந்தி முடிகிற நேரத்துக்கு நான் துறைமுகத்திலிருந்து ஒரு எட்டு வந்து கயிறு பிடித்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான். குழாய் வேலை செய்கிற ஒருவர் சாப்பிட வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, கீழேயே ஒரு திருகுகுழாய் வைத்துத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை என்றார். அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"வேண்டாம்ணே" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் பெறவு எங்கிட்ட வேண்டாம்னுதான் சொன்னாரு. கீழ வச்சிட்டா லூர்து எதுக்கு வருவாம்னு."

அங்கே உங்களுக்குக் காது கேட்கிறதா மச்சான்? கேட்டால், இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே குழாய் வைக்க நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அக்கா அவள் வீட்டில் இருக்கிற வரைக்கும் மாடியில் நான் இருப்பேன். கை நடுங்கினால் நடுங்கட்டும், கயிற்றை விட மாட்டேன்.

நீங்கள் இறங்கிய இடமெல்லாம் மேலே நின்ற
உங்கள் மச்சினன்
லூர்து